உருகுவதற்கென்று ஒரு கம்பி

மனிதன் செய்து வைத்த சாதனங்களுள் பெரும்பாலானவை நீடித்து உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை. தக்க தருணத்தில் தான் அழிந்து மற்றவற்றைக் காக்க வேண்டும் என்ற ஒரே உத்தேசத்தோடு ஒரு பொருளைச் செய்து, அதற்கு வீட்டுச் சுவரில் ஓர் இடமும் கொடுத்து வைத்திருக்கிறோம் என்றால், அது நடையில் அறைந்த மரப்பலகையின் மேல், வெள்ளைப் பீங்கான் கட்டைக்குள், இரண்டு பித்தளைத் திருகுகளுக்கிடையே முடுக்கப்பட்டிருக்கும் பியூஸ் கம்பியே ஆகும். அது அறுந்தால் வீட்டில் இருள் சூழ்கிறது. ஆகையால் அது அறுந்துபோவதையே குற்றமாகக் கருதும் மனப்பான்மை நம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது. குற்றம் வேறெங்கோ இருக்க, அதை அறிவிக்க வந்த கம்பியையே தடிமனாக்கி வாயடைத்துவிடும் இந்த வழக்கம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால், தமிழ்நாட்டு வீடுகளுக்குள் மின்சாரம் புகுந்த வரலாற்றையே சொல்ல வேண்டும்.

இக்கம்பியின் பூர்வோத்தரம் மின்விளக்குக்கும் முந்தியது. தந்திக் கம்பிகளின் வழியாக மின்னலின் வேகம் நிலையத்துக்குள் பாய்ந்து கருவிகளைக் கருக்கிய காலத்தில், பிரெஞ்சு தேசத்துக் கடிகாரக் கலைஞரும் கருவி நிபுணருமான லூயி பிரெகே, கம்பி நிலையத்துக்குள் நுழையுமிடத்தில் மிக மெல்லிய துண்டொன்றைச் சேர்த்துவிட்டால் அத்துண்டு உருகி அறுந்து உள்ளிருப்பவற்றைக் காப்பாற்றும் என்று 1847-இல் எடுத்துரைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1841-இல், ஜூல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கம்பியில் பிறக்கும் உஷ்ணம் அதில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது, அதாவது ஓட்டம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகிறது என்ற நியதியை வெளியிட்டிருந்தார். இந்த இரண்டையும் வீட்டு விளக்கோடு பொருத்திப் பார்த்தவர் எடிசன். மின்விளக்குச் சுற்றுகளைக் காப்பதற்கான உருகு கம்பி ஒன்றுக்கு அவர் 1880-இல் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882 செப்டம்பர் 4 அன்று அவருடைய மின்நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒளி தரத் தொடங்கிய போது, இந்த எளிய ஏற்பாடும் உடன் சென்றது. அதே ஆண்டில் லண்டனில் தந்திப் பொறியாளர்களின் சங்கம் வெளியிட்ட முதல் கம்பியமைப்பு விதிகள், விளக்கின் பிரகாசத்தைப் பற்றியல்ல, விளக்கால் விளையும் தீ அபாயத்தைத் தடுப்பதைப் பற்றியே பேசின என்பதைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை வீட்டுக்குள் அழைத்த முதல் தலைமுறையினர் அதன் அழகில் மயங்கி அதன் அபாயத்தை மறந்தவர்கள் அல்லர்.

எவ்வளவு ஓட்டத்தில் எந்தக் கம்பி உருகும் என்பதைக் கணித்துத் தந்தவர் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் மின்பொறியாளரான வில்லியம் பிரீஸ். 1880-களில் செம்பு, ஈயம், வெள்ளீயம் முதலிய பல உலோகக் கம்பிகளை வரிசையாக உருக்கிப் பார்த்து அவர் கண்ட சூத்திரத்தின்படி, கம்பியின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அது உருகுவதற்கு வேண்டிய ஓட்டம் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடுகிறது. கண்ணுக்குச் சற்றே தடித்ததாகத் தோன்றும் கம்பி, காவலை எவ்வளவு தூரம் தளர்த்திவிடுகிறது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும். பின்னால் இதை மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் மின்சாரத்துக்கு முன்னதாகவே அதைப் பற்றிய சட்டம் வந்துவிட்டது எனலாம். 1887-லேயே மின்சாரத்தால் உயிருக்கும் உடைமைக்கும் கேடு நேராதிருக்க ஒரு சட்டமும், பின் 1903-லும் 1910-லும் விரிவான சட்டங்களும் இயற்றப்பட்டன. சென்னையில் ஜனங்கள் மின்சாரத்தை முதலில் அறிந்துகொண்டது வீட்டு விளக்கின் வாயிலாக அன்று, 1895-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டியின் வாயிலாகத்தான். அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பொரேஷன் என்ற கம்பெனி நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் பணியை ஏற்று, பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் வைத்து நடத்தி, 1947-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இதற்கிடையே நீலகிரியின் பைக்காரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் உற்பத்தியைத் தொடங்கவே, கோயம்புத்தூர் மில்களுக்கும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஊர்களுக்கும் கம்பிகள் நீண்டன. 1957 ஜூலை முதல் தேதியன்று மாநில மின்சார வாரியம் பிறந்தது. அதற்குப் பின்னர்க் கிராமங்களில் கம்பமும் கம்பியும் பரவிய வேகத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அது தனியாக ஒரு நூலுக்குரிய விஷயம்.

அந்நாளில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்வதென்பது தச்சு வேலையும் கலந்த ஒரு கைத்தொழில். இரண்டு நீண்ட பள்ளங்கள் குடைந்த தேக்குச் சட்டத்தைச் சுவரில் அடித்து, பள்ளத்துக்கு ஒன்றாக ரப்பர் உறை போர்த்திய கம்பிகளைக் கிடத்தி, மேலே தேக்கு மூடியைத் திருகி, வார்னிஷ் பூசி முடிப்பார்கள். கம்பிகள் கலந்துவிடாமலும் தேளும் பல்லியும் எளிதில் நுழையாமலும் அந்தச் சட்டம் காத்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும் தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகாரங்களிலும் இன்றைக்கும் அது சுவரோடு சுவராக நிற்பதைக் காணலாம். இக்கம்பிகள் எல்லாம் வந்து கூடும் இடம் நடையிலுள்ள பலகை. மேலே மீட்டர், அதன் பக்கத்தில் சப்ளைக்காரர் தம் முத்திரையிட்டு வைத்த கட்-அவுட், கீழே பக்கவாட்டில் கைப்பிடி நீட்டிய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச். நல்ல பெட்டியானால், கைப்பிடியைக் கீழே இறக்கி மின்சாரத்தை நிறுத்தினாலொழிய அதன் மூடி திறக்காது. அதற்கும் கீழே, அறைக்கு ஒன்றாகவோ இரண்டு அறைக்கு ஒன்றாகவோ, கிட்கேட் என்று கடைக்காரர் சொல்லும் பீங்கான் பியூஸ் கட்டைகள் வரிசையாக அமர்ந்திருக்கும். கட்டையின் நடுவிலுள்ள மேட்டைப் பற்றி இழுத்தால் மேல்பகுதி கையோடு வந்துவிடும்; அதன் அடியில், பீங்கான் பள்ளத்தின் குறுக்கே, ஒரு திருகிலிருந்து மறு திருகுக்கு ஓடும் கம்பி தெரியும்.

அக்காலத்துப் பலகைகளில் ஒரு விசேஷம் உண்டு. நகர விநியோகங்களின் ஆரம்ப காலத்தில் நேர்மின்சாரமே பரவலாக இருந்தபடியால், போகும் கம்பி, திரும்பும் கம்பி ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே பியூஸ் வைப்பதே முறையாக இருந்தது. மாறுமின்சாரம் வந்து, திரும்பும் கம்பியாகிய நியூட்ரலைப் பூமியோடு இணைத்து வைக்கும் ஏற்பாடு நிலைபெற்ற பின்பு, அந்தப் பழைய இரட்டைப் பியூஸே அபாயமாக மாறிற்று. நியூட்ரலிலுள்ள பியூஸ் முந்திக்கொண்டு உருகினால் விளக்கு அணையும், மின்விசிறி நிற்கும். ஆனால் போகும் கம்பியாகிய பேஸில் மின்சாரம் உயிரோடு நின்றுகொண்டே இருக்கும். விளக்கு அணைந்திருக்கிறதே என்று நம்பி ஹோல்டரில் கை வைக்கிறவன் கதி என்னாவது? ஆகையால்தான் 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், பூமியோடு இணைந்த நியூட்ரலில் பியூஸோ தனிச் சுவிட்சோ வைக்கலாகாது என்று தடுத்தன. ஆயினும் விதி மாறிய அன்றே சுவரிலிருந்த பலகைகள் மாறிவிடவில்லை. பழைய வீடு ஒன்றை வாங்குகிறவர் தம் பலகையில் விளக்குச் சுற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு கட்டைகள் இருப்பதைக் கண்டால், அதைப் பற்றித் தாமாக முடிவு செய்யாமல் வயர்மேனை அழைத்துக் காட்டிவிடுவதே முறை.

சட்டம் வீட்டுக்குள் வகுத்த எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சப்ளைக்காரர் தம் சர்வீஸ் கம்பியில், எளிதில் அணுகக்கூடிய இடத்தில், தீப்பற்றாத கூட்டுக்குள் ஒரு கட்-அவுட் வைத்துத் தர வேண்டும் என்பது அந்த விதிகளின் கட்டளை. அது வீட்டுச் சுவரில் இருந்தாலும் வாரியத்தின் சொத்து. வீட்டுக்காரருடைய மெயின் சுவிட்சுக்கு அது முன்னால் இருப்பதால், மெயினை நிறுத்தினாலும் அதில் மின்சாரம் நிற்பதில்லை. கம்பத்தில் ஏறி நிறுத்தினால்தான் உண்டு. முத்திரையை உடைக்கக் கூடாது என்று சொல்வது திருட்டுக்குப் பயந்து மட்டும் அன்று, நிறுத்த வழியில்லாத கம்பியில் யாரும் கை வைக்கலாகாது என்பதாலும்தான். பக்கத்து வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்து, தம் வீட்டுப் பியூஸ்களெல்லாம் நலமாக இருந்தும் மெயினுக்கே மின்சாரம் வரவில்லையென்றால், கோளாறு வாரியத்தின் பக்கம் என்று ஜனங்கள் அறிந்திருந்தார்கள். அதற்காகவே பிரிவு அலுவலகங்களில் பியூஸ் ஆப் கால் என்று ஒரு மேஜையும், அதன் மேல் ஒரு பெரிய பதிவேடும் இருந்தன. ஆள் போய்த் தெருப்பெயரையும் சர்வீஸ் எண்ணையும் எழுதி வைத்துவிட்டு வந்தால், ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் லைன்மேன் வருவார். “அண்ணே, எங்க வீட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லீங்க” என்று திண்ணையில் நின்று முறையிடும் குரல், இரவு எட்டு மணிக்கு மேல் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய குரலாக இருந்தது.

அதே லைன்மேன் வேறொரு காரியத்துக்காகவும் வருவதுண்டு. மின்கட்டணம் பாக்கி நின்றால், ஏழு நாள் தெளிவான நோட்டீஸ் கொடுத்த பின் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று 1910-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. அதை நிறைவேற்றும் சுலபமான வழி, வாரியத்தின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுவதுதான். பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது ஒரு குடும்பத்துக்குத் தெருவில் நேரக்கூடிய மானக்கேடுகளில் ஒன்றாயிற்று. அந்த மானக்கேட்டுக்கு அஞ்சி, கட்டை இருந்த வெற்றிடத்தில் ஏதேனும் ஒரு கம்பியை வளைத்துச் செருகி விளக்கேற்றிக்கொண்டவர்கள் உண்டு. காவலே இல்லாத இணைப்பு அது. கடன் சில ரூபாய், அதற்குப் பணயம் வீடு முழுவதும். கிராமங்களில் இதைக் காட்டிலும் பயங்கரமான துணிச்சல் ஒன்று வழக்கத்துக்கு வந்தது. பம்புசெட் நின்று பயிர் காயும் போது, லைன்மேன் வரும் வரை பொறுக்க மாட்டாமல், டிரான்ஸ்பார்மரின் பியூஸைத் தாங்களே போட்டுவிட முயன்று பிராணனை விட்ட விவசாயிகள் எத்தனையோ பேர். நீருக்காக அவர்கள் பட்ட தவிப்பை அறிந்தவன் அவர்களைக் குறை சொல்ல மாட்டான். ஆனால் 11,000 வோல்ட் வந்து இறங்கும் மேடையில், உரிய ஆளைத் தவிர வேறெவரும் ஏறுவதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

வீட்டுக்குள்ளிருக்கும் பியூஸின் கதை வேறு. அதை மாற்றுவது கிருஹஸ்தரின் உரிமையாகவும், ஒரு வகையில் பெருமையாகவும் இருந்தது. மெழுகுவர்த்தியைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, மெயினை இறக்கி, கட்டையை உருவி, கருகிய கம்பியைச் சுரண்டி எடுத்து, புதுக் கம்பியைத் திருகு முறுகும் திசையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி முடுக்கி, மீண்டும் செருகி மெயினை ஏற்றுகிற காரியத்தை, நம் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் சந்தியாவந்தனம் போலத் தவறாத கிரமத்தோடு செய்தார்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி அட்டையில் சுற்றிக் கடையில் விற்கப்பட்டது: 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 10 ஆம்பியருக்கு 0.35, 15 ஆம்பியருக்கு 0.5. ஆனால் அவசரத்தில் அட்டையைத் தேடியவர் யார்? பழைய ஒயர்த் துண்டின் உறையைப் பல்லால் உரித்து, உள்ளிருக்கும் இழைகளில் ஒன்றை உருவி மாட்டிவிடுவதே நாட்டு வழக்கம். இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த வழக்கம் ஆதியில் அவ்வளவு தவறானதல்ல. 14/36 என்று கடையில் கேட்டு வாங்கும் மெல்லிய இழை ஒயரில் 36-ஆம் எண் கனமுள்ள 14 இழைகள் உண்டு. அந்த இழையின் விட்டம் 0.193 மில்லிமீட்டர். 5 ஆம்பியர் பியூஸ் கம்பிக்கு வேண்டிய கனத்துக்கு அது ஏறக்குறையச் சமம். விளக்குக்கு ஓர் இழை என்ற பழைய கணக்கு, பிரீஸின் பெயரைக் கேட்டறியாதவர்களுக்கும் அனுபவம் தந்த கணக்காகும்.

கேடு தொடங்கியது இரண்டாவது இழையில். ஓர் இழை அடிக்கடி போகிறதே என்று இரண்டை முறுக்கிப் போட்டார்கள். அதுவும் போகவே மூன்றையும் நான்கையும் முறுக்கினார்கள். பிறகு முறுக்கும் சிரமமும் எதற்கென்று சுவர்க் கம்பியின் துண்டையே வெட்டி வைத்தார்கள். விளக்குச் சுற்றுக்குப் பழைய வீடுகளில் இழுத்த கம்பி 3/22 என்ற அளவு. 22-ஆம் எண் இழைகள் மூன்று சேர்ந்தது. அதில் ஓர் இழையின் விட்டம் 0.71 மில்லிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.71 மில்லிமீட்டரை வைத்தால், பிரீஸின் சூத்திரப்படி அது உருக ஆறு மடங்குக்கும் மேற்பட்ட ஓட்டம் வேண்டும். அவ்வளவு ஓட்டத்தைச் சுவருக்குள்ளிருக்கும் கம்பியால் தாங்க இயலாது. அதன் ரப்பர் உறை முதலில் இளகி, பின் கருகி, தேக்குச் சட்டத்தின் பள்ளத்துக்குள்ளேயே புகையும். பியூஸோ வெள்ளைப் பீங்கானுக்குள் பழுதின்றி வீற்றிருக்கும். சுவரில் சிக்கிய கம்பியைக் காக்க வேண்டிய பியூஸுக்காகச் சுவர்க் கம்பி உருக நேர்கிற இந்தத் தலைகீழ் நிலையை, ஒரு சிறு அலட்சியம் எத்தனை வீடுகளில் உண்டாக்கியிருக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு மனம் பதைக்கிறது.

ஏன் அடிக்கடி போயிற்று என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பது 1,150 வாட். 40 வாட் பல்புகளாகக் கணக்கிட்டால் இருபத்தெட்டு பல்புகள் எரியலாம். கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று என்றிருந்த குடும்பத்துக்கு அது தாராளம். பின்பு 750 வாட் இஸ்திரிப்பெட்டி வந்தது. அம்மிக்குப் பதில் மிக்சியும், ஆட்டுக்கல்லுக்குப் பதில் கோயம்புத்தூர் கிரைண்டரும் வந்தன. குளிர்பதனப் பெட்டி வந்தது. 2,000 வாட் வெந்நீர்க் கொதிகலன் வந்து ஒன்றே ஒன்றாய் ஒன்பது ஆம்பியர் வரை இழுத்தது. 2006-இல் தொடங்கி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அரசாங்கத்தாலேயே இலவசமாக வழங்கப்பட்ட போது, ஒரே ஒரு விளக்குக்கென்று இணைப்புப் பெற்ற குடிசைகளிலும் மோட்டார் சுழலத் தொடங்கியது. பெண்களின் தோள்வலியைக் குறைத்த அந்தச் சாதனங்களை நான் மனமார வாழ்த்துகிறேன். சாதனம் வந்த வேகத்தில் அதற்குரிய கம்பியும், மூன்று துளைச் சாக்கெட்டும், எர்த்தும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். பாரம் பெருகிவிட்டது, கம்பியை மாற்றுங்கள் என்று பியூஸ் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் அதைக் கேளாமல் இழையைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

தொழில் தெரிந்த பழைய வயர்மேன்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். பியூஸ் போய்விட்டது என்று அழைத்தால், அவர்கள் புதுக் கம்பியை எடுப்பதற்கு முன் கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். பீங்கான் வெள்ளையாகவே இருந்து, கம்பி மட்டும் நடுவில் அறுந்து இரு நுனியிலும் கடுகளவு உருண்டை திரண்டிருந்தால், பாரம் மிகுந்து மெல்லச் சூடேறி உருகியது என்று அர்த்தம். கம்பியே காணாமற்போய், பள்ளம் முழுதும் கரி படிந்து, செப்புப் பொட்டுகள் தெறித்து ஒட்டியிருந்தால், எங்கோ இரண்டு கம்பிகள் நேராக உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. திருகின் கழுத்தருகே மட்டும் கம்பி வெந்து, பித்தளையும் நிறம் மாறியிருந்தால், குற்றம் பாரத்திலும் இல்லை, ஷார்ட்டிலும் இல்லை. திருகு தளர்ந்து இணைப்பு சூடேறியிருக்கிறது. முதலாவதற்குச் சாதனங்களைப் பிரித்துப் போட வேண்டும், இரண்டாவதற்குச் சுற்றைத் தேட வேண்டும், மூன்றாவதற்குத் திருப்புளியே போதும், கட்டை வெடித்திராவிட்டால். கருகிய ஒரு கம்பியிலிருந்து இத்தனையும் படித்த அந்தக் கண், புத்தகத்தால் வருவதன்று.

வீட்டுக்காரர் தம் கையால் செய்யத்தக்கது எதுவரை, ஆளை அழைக்க வேண்டியது எதிலிருந்து என்ற கேள்விக்கும் இந்த அனுபவத்திலேயே விடை இருக்கிறது. மெயினை நிறுத்தி, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து மின்சாரம் இல்லையென்று தெளிந்து, கட்டையில் குறித்த அளவுக் கம்பியை ஒரு முறை போடுவது அவருடைய காரியம். அந்தச் சுற்றிலுள்ள சாதனங்களையெல்லாம் பிடுங்கி வைத்துவிட்டுப் போடுவது இன்னும் உத்தமம். அதே கம்பி மறுபடியும் போனால், இரண்டாம் முறை முயல அவருக்கு அதிகாரம் கிடையாது. பலகையில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரிவது, ரப்பர் கருகும் வாடை எங்கிருந்தென்று தெரியாமல் வருவது, சுவிட்சைப் போடும் போது உள்ளே சடசடவென்று பொரிவது, மழை நாளில் மட்டும் பியூஸ் போவது ஆகியவை எல்லாம் வயர்மேனை அன்றைக்கே அழைக்க வேண்டிய குறிகள். ஓர் அறையில் விளக்கு கண் கூசும்படி பிரகாசித்து மற்றோர் அறையில் மங்கினால், எங்கோ நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் 230 வோல்ட்டுக்கான சாதனத்தின் மீது 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் பாயக்கூடும் ஆதலால், உடனே மெயினை இறக்கிவிட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குழாயைத் திருகும் போதோ ஈரச் சுவரைத் தொடும் போதோ விரலில் சுரீரென்று ஏறினால், அதைப் பொறுத்துக்கொண்டு குளித்து முடிக்கிற வீரம் வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு, வீட்டிலுள்ளோர் அனைவரையும் எச்சரித்த பிறகே அடுத்த வேலை.

இங்கே பியூஸின் எல்லையை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அது கம்பியைக் காப்பாற்றும்; வீட்டைத் தீயிலிருந்து காப்பாற்றும்; மனித உடம்பைக் காப்பாற்றும் சக்தி அதற்கு இல்லை. 5 ஆம்பியர் பியூஸ் உருக அதற்கும் ஏறத்தாழ இரு மடங்கு ஓட்டம் வேண்டும்; இருதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரின் பத்தில் ஒரு பங்கே போதும். இதை உணர்ந்துதான் முன்னோர் எர்த்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள். கொல்லையில் குழி வெட்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடி, கோடையில் அதன் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவர வேண்டும் என்று சொல்லிச் செல்வார் வயர்மேன். வீட்டுப் பெண்களும் அதைத் தவறாமல் செய்தார்கள். சாதனத்தின் இரும்புக் கூட்டில் மின்சாரம் இறங்கினால், எர்த் வழியே பெருவெள்ளமாக ஓடிப் பியூஸை உருக்கிவிடும் என்பது ஏற்பாடு. குழி காய்ந்து போனால் அந்த ஏற்பாடும் போயிற்று. பூமிக்குச் சிறிதளவு மின்சாரம் கசிந்தாலே கண நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும் நுட்பமான கருவியை 1950-களில் ஆஸ்திரிய நிபுணர் பீகல்மையர் உருவாக்கினார். நம் கடைகளில் ஈ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் கேட்டு வாங்குவது அந்த வம்சத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு விதிகளில் பின்னாளில் கசிவுக் காவலைக் கட்டாயமாக்கி ஒரு விதியைச் சேர்த்த போது, 5 கிலோவாட்டுக்குட்பட்ட சிறிய இணைப்புகளுக்கு விலக்களித்துவிட்டார்கள். பழைய கம்பியும் காய்ந்த எர்த்தும் உள்ள எளிய வீடுகளே அந்த விலக்கில் அடங்கின என்பது எனக்கு மிகுந்த துயரம் தரும் விஷயம்.

இப்போது பீங்கான் கட்டைகள் மறைந்து வருகின்றன. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸ் என்பவருடைய தொழிற்சாலையிலிருந்து 1924-இல் காப்புரிமை பெற்று வெளிவந்த சிறு தானியங்கிச் சுவிட்ச், எம்.சி.பி. என்ற பெயரோடு நம் வீட்டுப் பெட்டிகளில் குடியேறிவிட்டது. பாரம் மிகுந்தால் உள்ளேயுள்ள இரட்டை உலோகத் தகடு வளைந்தும், ஷார்ட் ஆனால் மின்காந்தம் சுண்டியிழுத்தும் நெம்புகோலைக் கீழே தள்ளிவிடும். இழை முறுக்கும் வேலையே இல்லை. நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் பழைய புத்தி புதிய உருவில் திரும்பி வந்திருப்பதை ஊரெங்கும் காண்கிறேன். 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி 32 ஆம்பியரை மாட்டச் சொல்லும் வீட்டுக்காரரும், கேட்டதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் ஆளும், இரண்டாவது இழையை முறுக்கியவரின் நேர் வாரிசுகள். கருகிய கம்பி காட்டிய தடயத்தையும் எம்.சி.பி. காட்டுவதில்லை, ஆதலால் விழுந்ததை மேலே தள்ளிவிட்டு மறந்துவிடுவது முன்னைவிட எளிதாகிவிட்டது.

கேட்டதை மாட்டிக் கொடுப்பவன் வேறு, வயர்மேன் வேறு. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு, தகுதிச் சான்று உடையவரின் மேற்பார்வையில், அனுமதி பெற்ற ஆளே மின்னமைப்பு வேலையைச் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் 45-ஆம் விதி கூறிற்று. தமிழ்நாட்டில் அந்தச் சான்றுகளை வழங்குவதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒன்று இருக்கிறது. வேலைக்கு அழைக்கும் போது சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முறையாகக் கற்றவர் அதைப் பெருமையோடு எடுத்துக் காட்டுவார். இன்னொரு விதியும் உண்டு, ஜனங்கள் அநேகமாக அறியாதது: இணைப்புப் பெற்ற ஒவ்வொரு கட்டடத்தின் மின்னமைப்பையும் ஐந்தாண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்றது 46-ஆம் விதி. மீட்டர் பொருத்திய நாளில் நடந்த சோதனையே முதலும் கடைசியுமாக நின்றுவிட்ட வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. யாரும் வந்து பரிசோதிக்கவில்லையென்றால் வீட்டுக்காரர் தாமே வயர்மேனை அழைத்து மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். மெயினை இறக்கி, பல்புகளையும் சாதனங்களையும் கழற்றிவிட்டு, கைப்பிடியைச் சுழற்றி 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, கம்பிக்கும் பூமிக்கும் இடையே காப்பு எவ்வளவு தாங்குகிறதென்று அந்தக் கருவி காட்டும். முள் ஒரு மெகோமுக்குக் கீழே விழுந்தால் அந்தச் சுற்றின் உறை தளர்ந்துவிட்டது என்று அறிய வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் இழுத்த ரப்பர் கம்பியானால், மூடியைத் திறந்து விரலால் வளைத்த மாத்திரத்தில் உறை கரிப்பொடியாக உதிர்ந்து, செம்பு பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வசதியில்லாத குடும்பத்துக்கு, முதலில் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகிற கம்பிகளை மாற்றி, அவ்விரண்டு சுற்றுகளுக்கும் ஒரு கசிவுக் காவலையாவது வைத்துவிடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஈரமும் பாரமும் சேர்ந்திருப்பது அங்கேதான்.